அப்பாவின் இடது கையாக இருந்தவள் எழுதுவது

அன்புள்ள கண்ணு,

முந்தாநாள் மத்தியானம் ஷீபா போன் செய்தாள். நீ ஆபீசில் இருக்கும் நேரம் பார்த்துத்தான் பேசினாள் என்று நினைக்கிறேன். முதலில் இங்கே மழை எப்படி என்று கேட்டாள், என் முழங்கால் வலியைக் கேட்டாள். அப்புறம் அவள் குரல் மாறிவிட்டது. “அத்தை, எங்க கல்யாண வீடியோவ இவரு ஏன் ஒரு நாளும் போட விட்டதில்லைன்னு இப்பத்தாங்க எனக்குத் தெரிஞ்சுது” என்றாள். போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் சபையில் கீபோர்டு வாசிக்கிற பையன் வராததால் உன்னைக் கூப்பிட்டார்களாம். நீ முடியாது என்று சொல்லிவிட்டு ஆராதனை முடியும் முன்பே வீட்டுக்கு வந்து, கதவோரமாகத் தரையில் உட்கார்ந்து, எல்லாவற்றையும் அவளிடம் சொல்லி அழுதாயாம். “எங்கப்பா வாசிப்ப நிறுத்துனதே நாந்தான், அதுக்கப்பறம் சாகற வரைக்கும் அவரு அதத் தொடவே இல்ல” என்றாயாம். நீ சொன்னதில் பாதி நிஜம். மறுபாதி உனக்குத் தெரியாது. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். போனில் பேசலாம் என்றால் நம் இரண்டு பேருக்கும் அது வராது. நீ ‘சாப்டியாம்மா’ என்பாய், நான் ‘ஆச்சு’ என்பேன். அதற்குள் மேகம் இறங்கி சிக்னலும் போய்விடும்.

நம் வீட்டில் பியானோ என்றே சொல்லிப் பழகிவிட்ட அந்தக் கீபோர்டை நீ மலைக்குக் கொண்டுவந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. சந்தைக்குப் போய்த் திரும்புகிற கூட்டத்தோடு பஸ்ஸில் வந்தாய். கடைசி சீட்டில் அதைக் குறுக்கே கிடத்தி, வளைவுக்கு வளைவு அது சரியாமல் கட்டிப்பிடித்துக்கொண்டு வந்ததில் உன் முழங்கை சிராய்த்திருந்தது. அதுவரை உன் அப்பாவுக்குத் தெரிந்ததெல்லாம் சபையின் பழைய ஆர்மோனியம்தான். கம்பம் ஏறி, கம்பி இழுத்துக் காய்த்துப்போன லைன்மேன் விரல்கள் அவருக்கு. அந்த விரல்களை அதன்மேல் வைக்கவே கூசினார். நீதான் அந்த விடுமுறை முழுவதும் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தாய். இடது கையால் மூன்று கட்டைகளைச் சேர்த்து அழுத்தினால் அது ஒரு கார்டு. அழுத்திய உடனே ரிதம் தானாகக் கிளம்பும், பேஸும் கிட்டாரும் கூடச் சேர்ந்துகொள்ளும். கார்டை மாற்றினால் அவையும் மாறும். வலது கைக்குப் பாட்டை வாசிப்பதைத் தவிர வேறு வேலை கிடையாது. “ஒத்த ஆளு வாசிக்கறேன், ஒரு கச்சேரியே கூட உக்காந்திருக்குது பாரு டீச்சர்” என்று என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். முதலில் அவர் பாட்டில் இழுக்க வேண்டிய இடத்தில் இழுத்துக்கொண்டே நிற்பார், ரிதம் முன்னால் போய்விடும். நீ சிரித்துக்கொண்டே, “அது நிக்காதுங்கப்பா, நீங்கதான் அதுகூடப் போவணும்” என்பாய். அவர் போகப் பழகினார். அந்தச் சில வருஷங்கள் நம் சின்னச் சபையில் ஞாயிற்றுக்கிழமை என்றால் அவருக்கு ஒரு தனி நடை இருந்தது. வெள்ளைச் சட்டையைத் தானே இஸ்திரி போட்டுக்கொள்வார்.

அவர் விழுந்த நாளை உனக்குப் பலமுறை சொல்லியிருக்கிறேன், ஆனால் முழுதாகச் சொன்னதில்லை. வீட்டுக்குப் பின்னால் மிளகுக் கொடியைச் சவுக்கு மரத்தோடு சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தார். நான் காப்பி எடுத்துக்கொண்டு போனபோது சாய்ந்து உட்கார்ந்திருந்தார். வாய் ஒரு பக்கமாக இழுத்திருந்தது. பக்கத்துக் காட்டில் மரவள்ளி பிடுங்கிக்கொண்டிருந்த பழனியம்மாவும் அவள் வீட்டுக்காரரும் ஓடிவந்து, போர்வையில் கிடத்தி ரோடு வரை தூக்கிப் போனார்கள். ஆம்புலன்ஸ் கீழே இறங்க இறங்க அவர் வலது கையால் என் மணிக்கட்டைப் பிடித்த பிடியை விடவே இல்லை. சேலத்தில் பிழைக்க வைத்து அனுப்பினார்கள். காலை இழுத்து இழுத்து நடக்க வந்தது, பேச்சும் திரும்பியது. இடது கை மட்டும் வரவில்லை. அது யாரோ பிறத்தியார் மறந்து வைத்துவிட்டுப் போன கை மாதிரி மடியில் கிடந்தது.

வீட்டுக்கு வந்து கொஞ்ச நாளில் பியானோ முன்னால் உட்கார வைக்கச் சொன்னார். வலது கையாலேயே பொத்தானை அழுத்தி ரிதத்தைக் கிளப்பினார். கார்டு கொடுக்க இடது கை இல்லையென்றால் பேஸ் வராது, கிட்டார் வராது. டிரம் மட்டும் தனியாக அடித்துக்கொண்டிருக்கும். அதைக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “கூட வந்தவங்கெல்லாம் போயிட்டாங்க டீச்சர், மோளக்காரன் மட்டும் நிக்கறான்” என்றார். நான் அடுப்படிக்குப் போய்விட்டேன்.

அப்போது உன் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. வேறு ஆள் வைத்துக்கொள்ளலாம் என்று நீ எவ்வளவோ சொன்னாய். “என்ற பையன் கல்யாணத்துல நான் வாசிக்காம வேற எவன் வாசிப்பான்?” என்றார். ஒரு கையாலேயே பழகினார். வெறும் டிரம்மை வைத்துக்கொண்டு, அந்தப் பாட்டை மட்டும், காலையும் சாயங்காலமும். வீட்டில் அவர் வாசித்தது நன்றாகத்தான் இருந்தது கண்ணு. நான் கேட்டிருக்கிறேன்.

ராசிபுரம் மண்டபத்தில் நடந்ததை நீ ஷீபாவிடம் சொல்லிவிட்டாய். என் பக்கத்திலிருந்து எப்படித் தெரிந்தது என்பதையும் சொல்கிறேன். வரவேற்பில் விளக்குகளும், புகைப்படக்காரர்களும், பெரிய ஸ்பீக்கர்களும். டிரம் சத்தம் வீட்டில் கேட்டது மாதிரி இல்லை, இடி மாதிரி விழுந்தது. முதல் சரணத்தில் தப்பில்லை. இரண்டாவதில் ஒரு இடத்தில் விரல் தாண்ட வேண்டியதைத் தாண்டவில்லை. அவர் அதைத் திரும்பப் பிடிக்கப் பார்த்தார். டிரம் போய்விட்டது. அது முன்னாலும் இவர் பின்னாலுமாகப் பாட்டு கிழிந்துபோய்க் கேட்டது. பின்வரிசையில் உன் சிநேகிதர்கள் யாரோ சிரித்தார்கள். நீ மேடையிலிருந்து இறங்கி வந்தாய். மாலை கழுத்தில் இருந்தது. உன் முகத்தில் எல்லாருக்கும் காட்டுகிற சிரிப்பு. அவர் தோளில் ஒரு கை வைத்து, இன்னொரு கையால் வால்யூமைக் கீழே இறக்கிவிட்டாய். “போதுங்கப்பா, ரொம்ப நல்லா இருந்துது, வாங்க சாப்பிடலாம்” என்றாய். கூட்டம் கை தட்டியது. நீ மேடைக்குத் திரும்பிவிட்டாய், உனக்காக வரிசை காத்திருந்தது. அவர் உடனே எழுந்திருக்கவில்லை. சத்தமில்லாத கட்டைகளை வலது கையால் அழுத்திக்கொண்டே இருந்தார். நான் போய்ப் பக்கத்தில் நின்றேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான் எழுந்தார்.

மறுநாள் காரில் மலை ஏறினோம். வீட்டுக்கு வந்ததும் பியானோவின்மேல் ஒரு போர்வையைப் போடச் சொன்னார். அப்புறம் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு, “நல்ல பையன் நம்ம பையன். எல்லாரும் சிரிக்கறதுக்குள்ள நிறுத்திப்போட்டான்” என்றார். நீ கேட்க விரும்புவது இது இல்லை என்று எனக்குத் தெரியும். அவருக்கு வலிக்கவில்லை என்று எழுதினால் நீ நம்பமாட்டாய், நானும் அப்படி எழுத மாட்டேன். வலித்தது. நீ போன் செய்தால், தூங்குகிறேன் என்று சொல்லு என்பார். சபைக்கு வரமாட்டேன் என்றுவிட்டார். சட்டை மாற்றச் சொன்னால் எதற்கு என்பார். சின்ன வயசிலிருந்து ஓர் இடத்தில் உட்காராத மனுஷன், ஜன்னலோரம் உட்கார்ந்து பலா மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மாதங்களில் நம் வீட்டில் பகலிலும் பேச்சுச் சத்தம் கிடையாது.

நான் பியானோ பக்கம் போனது பாசத்தால் என்று நினைத்துவிடாதே, கோபத்தால்தான் போனேன். உன்மேல் கோபம், அவர்மேல் கோபம், அந்த மூடிக்கிடந்த சாமான்மேலும் கோபம். ஒரு மத்தியானம் போர்வையை இழுத்துப் போட்டுவிட்டு உட்கார்ந்தேன். ரிடையர் ஆன வாத்தியாரம்மாவுக்குக் கார்டு என்றால் என்ன தெரியும்? உன் அப்பா எங்கெங்கே கை வைப்பார் என்று பார்த்த ஞாபகத்தில் மூன்று கட்டைகளை அழுத்தினேன். ரிதம் கிளம்பியது, பேஸ் வந்தது, கிட்டாரும் வந்தது. அந்த வீட்டில் அத்தனை நாளைக்கு அப்புறம் வந்த சத்தம். எனக்கே பயமாகிவிட்டது. அடுத்ததாக எதையோ அழுத்தினேன். ஜன்னலோரத்திலிருந்து குரல் வந்தது. “அது மைனர் டீச்சர். நடு வெரல ஒரு கட்ட மேல வையி.”

அன்றைக்கு அவ்வளவுதான். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மறுநாளும் உட்கார்ந்தேன். அவர் ஜன்னலைப் பார்த்தபடியே திருத்துவார், நான் ஒன்றாம் வகுப்புப் பிள்ளை மாதிரி விரலை எடுத்து எடுத்து வைப்பேன். என் விரல்கள் தடித்தவை, பக்கத்துக் கட்டையையும் சேர்த்து அமுக்கும். “அடுத்தவன் ஊட்டுக்குள்ள ஏன் போற?” என்று திட்டுவார். பல வாரங்களுக்குப் பிறகு ஒருநாள் எழுந்து, காலை இழுத்து இழுத்து வந்தார். “தள்ளி உக்காரு” என்றார். நான் பெஞ்சில் இடது ஓரத்துக்கு நகர்ந்தேன். அவர் வலது ஓரத்தில் உட்கார்ந்தார். உயிரில்லாத அவருடைய இடது கை எங்கள் இருவருக்கும் நடுவே, என் மடியோரத்தில் கிடந்தது. நான் கார்டு கொடுத்தேன், அவர் பாட்டை எடுத்தார்.

ஆமாம் கண்ணு. அப்பா வாசித்தார். உன் கல்யாணத்துக்கு அப்புறம், கிட்டத்தட்ட ஒரு வருஷம், மத்தியான வேளைகளில் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு ஆளாக வாசித்தோம்.

நன்றாக இருந்தது என்று சொல்லமாட்டேன். பல நாள் கேட்கச் சகிக்காது. அவர் தடுமாறுகிறாரே என்று ஒருநாள் நான் சொல்லாமல் ரிதத்தின் வேகத்தைக் குறைத்துவைத்தேன். உடனே கண்டுபிடித்துவிட்டார். “எதுக்குக் கொறச்ச?”

“இல்லீங்க, உங்களுக்குச் சுலுவா இருக்கட்டுமேன்னு.”

“பழையபடி வையி. எனக்காக அது நிக்க வேண்டாம். விட்டுப்போனா விட்டுப்போவுது, அதத் தேடிக்கிட்டுப் பின்னால போனாத்தான் மொத்தமும் போயிருது. அடுத்த வரியில புடிச்சுக்கறேன். நீ மட்டும் கைய எடுத்துராத.”

அப்படித்தான் வாசித்தார். தவறவிட்டதை விட்டுவிட்டு, விரலைத் தூக்கிவைத்துக்கொண்டு காத்திருந்து, அடுத்த வரி வரும்போது சேர்ந்துகொள்வார். சில பாட்டில் பாதிதான் இருக்கும். மீதி இடத்தில் என் கார்டும் டிரம்மும் மட்டும் போய்க்கொண்டிருக்கும். உன்னிடம் சொல்லலாமா என்று நான் கேட்டபோதெல்லாம் வேண்டாம் என்றார். “நல்லா வரட்டும். கிறிஸ்துமஸுக்கு வருவானில்ல, அப்ப நாமளே வாசிச்சுக் காட்டலாம். அது வரைக்கும் மூச்சு விடாத” என்றார். அதனால்தான் உனக்குத் தெரியவில்லை. நீ போன் செய்தபோது நாங்கள் பாதிப் பாட்டில் எழுந்து வந்து பேசிய நாட்கள் உண்டு.

ஐப்பசி மழையில் ஒரு மத்தியானம். உன் கல்யாணத்தில் வாசித்த அதே பாட்டை அவரே எடுத்தார். அதுவரை அதை மட்டும் தொட்டதில்லை. இரண்டாவது சரணம் வந்தபோது கரண்ட் போய்விட்டது. ரிதம் அறுந்து விழுந்தது, எல்லாம் நின்றது. நான் கையை எடுக்கப் போனேன். “எடுக்காத” என்றார். அவர் கை ஓடிக்கொண்டிருந்தது. கட்டைகள் லொடலொடவென்று மரச்சத்தம் போட்டன. ஓட்டின்மேல் மழைச் சத்தம். நானும் எங்கே மாற்ற வேண்டுமோ அங்கே மாற்றி மாற்றி அழுத்தினேன். கடைசிச் சரணம் வரைக்கும் போனார். முடித்ததும் விரலைக் கட்டைமேல் கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டு எடுத்தார். அப்புறம் சொன்னார்: “அன்னிக்கு மண்டபத்துலயும் முடிச்சுப்போட்டுத்தான் எந்திரிச்சேன் டீச்சர். அவன் சத்தத்தத்தான் கொறச்சான். பாட்டு முழுசும் வாசிச்சேன். அவனுக்குத் தெரியாது.”

நான் கேட்டேன், “அவம்மேல இன்னும் கோவமாங்க?”

“கோவம் இருந்துச்சு. இப்ப தேடிப்பாத்தாக் காணோம். வருத்தம் இருக்குது, அது இருந்துட்டுப் போவட்டும். அவனும் சின்னப் பையன்தான், அத்தன பேரு முன்னால என்ன பண்ணுவான்” என்றார்.

இதைத்தான் கண்ணு நான் உனக்குக் கொடுக்க வேண்டியிருந்தது. கிறிஸ்துமஸ் வரை அவர் இருக்கவில்லை. கார்த்திகை முதல் வாரத்தில் வாதம் இரண்டாவது முறை வந்தது. அந்தத் தடவை பேச்சும் போய், வலது கையும் போய், ஆஸ்பத்திரியில் நீ வந்து சேர்ந்தபோது கண் மட்டும்தான் இருந்தது. அவர் உன்னைப் பார்த்த பார்வையில் நீ குற்றத்தைப் படித்திருப்பாய். நான் என்ன படித்தேன் தெரியுமா? நல்லா வந்திருச்சு, காட்ட முடியலையே என்ற தவிப்பு. எது சரி என்று இனி யாராலும் சொல்ல முடியாது. அடக்கத்தன்று உன் அத்தை பெட்டியோரம் நின்று, “உன்ற கல்யாணத்துக்கு அப்பறம் அண்ணன் அதத் தொடவே இல்ல சாமி” என்று அழுதது என் காதிலும் விழுந்தது. அவள் மலைக்குக் கீழே, கீழ்நாட்டில் இருப்பவள், அவளுக்கு என்ன தெரியும்? அந்த நேரத்தில் எனக்கு வாய் திறக்கத் தெம்பில்லை. அதற்கப்புறம் நீ வந்த இரண்டொரு தடவையும் அந்த அறைக்குள்ளேயே நுழையவில்லை. பேச்சை எடுத்தாலே பஸ்ஸுக்கு நேரமாச்சு என்றாய். இரண்டு வருஷம் இப்படியே போய்விட்டது.

உனக்கு ஆறுதல் சொல்ல எனக்குத் தெரியவில்லை. நீ செய்தது தப்பா என்றால், எனக்கு இன்னும் தெரியாது. அந்தச் சிரிப்பு இன்னும் நாலு பேருக்குப் பரவியிருந்தால் அவர் மனசு அதைவிட மோசமாக உடைந்திருக்கும். நீ விட்டிருந்தால் அடுத்த வரியில் அவர் பிடித்தும் இருப்பார். இரண்டையும் வைத்துக்கொண்டுதான் நான் இருக்கிறேன், நீயும் இருக்க வேண்டும். ஆனால் அதற்காக ஷீபாவுக்கு அவள் கல்யாணத்தையே காட்டாமல் வைத்திருப்பது நியாயமில்லை. வீடியோவைப் போடு. சபையில் மறுபடி கூப்பிட்டால் போ. தப்பு வரும். வரட்டும். அன்றைக்குத் தவறவிட்ட இடத்தைத் தேடிக்கொண்டு இத்தனை வருஷம் பின்னாலேயே நின்றது போதும். இதை நான் சொல்லவில்லை, யார் சொன்னது என்று உனக்கு இப்போது தெரியும்.

மலையை விட்டு இறங்கி உங்களோடு வந்துவிடு என்று ஒவ்வொரு தடவையும் கேட்கிறாய். வருவேன், இப்போது இல்லை. கண்ணில் புரை விழுந்துவிட்டது, படிக்கட்டு மங்கலாகத் தெரிகிறது. மத்தியானங்கள்தான் நீளமாக இருக்கின்றன. அந்த நேரத்தில் நான் பெஞ்சின் இடது ஓரத்தில் உட்காருகிறேன். எனக்கு வலது கை வாசிப்பு வராது, அவர் சொல்லிக்கொடுக்கவும் இல்லை, நான் கேட்கவும் இல்லை. கார்டு மட்டும்தான் தெரியும். நேற்று அப்படி ஒரு பாட்டை ஆரம்பத்திலிருந்து கடைசி வரை அழுத்திக்கொண்டிருந்தேன். மழைக்கு ஒதுங்கிய பழனியம்மா தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

“ஏனுங்க டீச்சர், இது என்ன பாட்டுங்க? எனக்குப் புடிபடவே இல்லீங்களே.”

“பாட்டு இல்லீங்க பழனியம்மா. கூட வாரது மட்டுந்தான் எனக்குத் தெரியும்.”

அவள் கொஞ்சம் யோசித்தாள். சாக்கை மடித்துப் போட்டு நிலைப்படியில் உட்கார்ந்தாள். “சரி, வாசிங்க” என்றாள். மழை விடும் வரைக்கும் வாசித்தேன். அவளும் எழுந்து போகவில்லை. கடைசி வரை அது என்ன பாட்டு என்று அவளுக்குத் தெரியவில்லை. நீ இருந்திருந்தால் இரண்டாவது கார்டிலேயே கண்டுபிடித்திருப்பாய்.

அம்மா